வெறுங்காலில் கல்லெறிந்தவர்

"கண்ணாடி இப்டி ஒடையாது" என்றாள் வேல்விழி.

கையிலிருந்த லென்ஸைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி அந்தக் காகிதத்தின் மேல் குனிந்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற இசக்கிதுரையின் கண்ணுக்கு அதில் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பும், அதற்குள் கொஞ்சம் கூடுதல் கறுப்பும்தான். புகைப்படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, நீதிமன்றக் கோப்பில் வைத்து, அதையும் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள்.

"ஒடையாதுன்னு நீங்க சொல்லுதீக. ஒடஞ்சிருச்சுன்னு கவர்மென்ட்டு சொல்லுது. நான் யார் பக்கம்க்கா நிக்க?"

"வெளிச்சத்த மறைக்காத பக்கமா நில்லு. அது போதும்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மெஸ்ஸின் மாடியில் இருக்கிறது வேல்விழியின் துப்பறியும் நிலையம். கீழே இன்றைக்கு என்ன குழம்பு என்பது மட்டும் அங்கே துப்பறியாமலே தெரிந்துவிடும். அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தாள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் போகிற முன்கண்ணாடிகள் வரிசையாக நகர்ந்து வரும்போது, முடி அளவு கீறல் இருந்தாலும் கையை நீட்டி நிறுத்திவிடுவாள். ஒருநாள் மேனேஜரிடம் இருந்த கீறலையும் சொல்லிவிட்டதால் வெளியே வரும்படி ஆயிற்று. இசக்கிதுரை அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்க வந்தவன், கையைவிட வாய் வேகமாக ஓடுகிறது என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்த பிறகு இங்கே உதவியாளன் ஆனான். இரண்டு வருஷமாக இரண்டு பேரும் சண்டை போட்டபடி ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

அவர்கள் எதிரில் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தவர் தளவாய். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று பதினாறு வருஷம் பயணச்சீட்டு கிழித்த அரசுப் பேருந்துக் கண்டக்டர். எந்தப் பணிமனை என்று சொல்ல வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். 2010 ஜூனில் அந்தப் பணிமனையில் பதினொரு நாள் வேலைநிறுத்தம். முடிந்த கையோடு, பேருந்துகளைச் சேதப்படுத்தினார்கள் என்று முப்பத்தோரு பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். தப்பு செய்தேன், மன்னியுங்கள் என்று எழுதிக்கொடுத்தால் புதிதாகச் சேர்ந்த ஆளைப்போல முதலிலிருந்து சேரலாம் என்றார்கள். முப்பது பேர் எழுதிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். செய்யாத தப்புக்கு எழுதமாட்டேன் என்று தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனவர் தளவாய் ஒருவர்தான். பணிமனையின் உள்விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. கல்லெறிந்தார் என்பதை நிர்வாகம் இனி நீதிமன்றத்திலேயே நிரூபித்தாக வேண்டும். நிர்வாகத்தின் கையில் இருந்தது ஒரு படம், ஒரு சாட்சி. நாளைக் காலை சாட்சியின் குறுக்கு விசாரணை. நாளை மாலை ஐந்து மணியோடு, தளவாய்க்காக நீட்டித்திருந்த மன்னிப்புக் கடிதக் கெடுவும் முடிகிறது.

"லெட்டர் எழுதியாச்சு" என்றார் தளவாய், சட்டைப் பையைத் தொட்டு. "வீட்டுக்காரி உலகம்மாதான் எழுதினா. என் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. நாளைக்கு கோர்ட்ல தோத்துட்டேன்னா அதுக்கும் வழியில்ல. நாப்பத்தாறு வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"சாட்சி எப்டிப்பட்ட ஆளு?"

"நம்பிராஜன் சாரு. மேற்பார்வையாளர். கெட்டவருன்னு சொல்ல முடியாது மேடம். நீட்டுன பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போடுவாரு, அவ்வளவுதான். ஒரு தடவ டீக்கடை வெலைப் பட்டியல்ல போட்டுட்டாரு."

வேல்விழி படத்தைத் திருப்பி அவர் முன் வைத்தாள். ஒரு பஸ்ஸின் முகப்பு. அதற்கு எதிரே, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் எதையோ தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஒரு ஆள். குற்றப்பத்திரிகை அதை இப்படி விவரித்தது: ஒரகடம் கூட்டு ரோடு, பகல் பன்னிரண்டரை மணி, முதல் கல்லால் முன்கண்ணாடியில் விரிசல், இரண்டாவது கல் கையில், பேருந்தை மறிக்கச் சக்கரங்களின் முன் கற்கள், வலது ஓரத்தில் டயர் எரிந்த புகை.

"இது உங்க முதுகு இல்லியே?"

"இல்ல. நான் அன்னைக்கு சங்கப் பந்தல்ல உக்காந்திருந்தேன். பாத்தவன் எல்லாம் இப்ப டூட்டியில இருக்கான், சாட்சிக்கு வரமாட்டான்."

"அப்ப யார் முதுகு?"

தளவாய் படத்தைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். கீழே மெஸ்ஸில் தாளிக்கும் சத்தம் வந்து அடங்கியது.

"தெரியல மேடம். தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். எவனாவது நம்ம பயதான் ஆத்திரத்துல எறிஞ்சிருப்பான். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்லா. என்னைக் காப்பாத்த அவனப் புடிச்சுக் குடுத்துராதீங்க."

இசக்கிதுரைக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இரண்டு வருஷமாக வேலை இல்லாத மனுஷன், யாரென்றே தெரியாத ஒரு முதுகுக்காகப் பேசுகிறாரே என்று அவனுக்குப் பெருமையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"யாரையும் புடிச்சுக் குடுக்கல" என்றாள் வேல்விழி. "இங்க பாருங்க. கல்லு பட்டா கண்ணாடி நாலா பக்கமும் சிதறிக்கினு ஓடும். இது இன்னாடான்னா மூணு கோடு, அளவெடுத்த மாதிரி படுக்கப் போட்டு நிக்குது. பதினோரு வருசத்துல இப்டி ஒடஞ்ச கண்ணாடிய நான் பாத்ததில்ல. ரெண்டாவது, இந்த ஆளு குதிகாலைப் பாரு இசக்கி."

"கறுப்பா இருக்கு."

"எல்லாந்தான் கறுப்பு. செருப்பு கீதா?"

லென்ஸை வாங்கிப் பார்த்தான். செருப்பு இல்லை. பித்தவெடிப்புகூடத் தெரிந்தது.

"மூணாவது, புகை." அவள் விரல் படத்தின் வலது மூலைக்குப் போயிற்று. "புகைக்கு ஓரம் இருக்காது. இதுக்கு இருக்குது. வளைவா, ஒண்ணு மேல ஒண்ணா."

இசக்கிதுரை மூலையை உற்றுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். அந்த வளைவு அவனுக்கு ரொம்பத் தெரிந்த வளைவு.

"அக்கா, இது ரோசாப்பூ. பென்னலூர் மரியஜோசப் ஸ்டுடியோவுல எந்தப் போட்டோ எடுத்தாலும் நாலு மூலையிலயும் ரோசாப்பூ வச்சுத்தான் தருவாரு. பொண்ணு வீட்டுக்கு அனுப்ப நான் எடுத்துருக்கேன்லா. பூ நல்லா இருக்குன்னாவ. நடுவுல இருந்ததத்தான் வேண்டாம்னுட்டாவ."

"கல்லெறியற படத்துக்கு எவன்யா பூ பார்டர் போடுவான்?" என்று எழுந்தாள் வேல்விழி. "வண்டிய எடு."

பென்னலூரில் ஜெர்சி டிஜிட்டல் ஸ்டுடியோவின் ஷட்டர் இறங்கியிருந்தது. மகள் பெயரை வைத்த கடை. ஷட்டரில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் அடித்தால், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, "வல்லக்கோட்டைல கல்யாணம், சாயங்காலம் வா" என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிட்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேல்விழிக்குப் பொறுமை கிடையாது, வல்லக்கோட்டைக்கே கிளம்பினார்கள். கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு போகிற டிரெய்லர்களுக்கு இடையே இசக்கிதுரை வண்டியை நெளித்து நெளித்து ஓட்டினான். ஒரகடம் கூட்டு ரோட்டில் அவள் அவன் தோளைத் தட்டினாள்.

"நிறுத்து. மணி இன்னா?"

"பன்னண்டு இருவத்தஞ்சு."

"எறங்கி செருப்பக் கழட்டு."

"எதுக்கு?"

"கல்லெறியற ஆளு மாதிரி கையத் தூக்கிக்கினு தார் ரோட்ல நில்லு. நான் பத்து எண்றேன்."

சித்திரை வெயில். அவள் நான்கு என்பதற்குள் இசக்கிதுரை ரோட்டோரத்துப் புல்லில் இருந்தான். கம்பெனி பஸ்ஸில் போன ஒரு ஷிப்டு முழுக்க ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

"நிரூபிச்சாச்சா?" என்றான், பாதத்தை ஊதிக்கொண்டே. "இல்ல, தலையையும் வச்சுப் பாக்கணுமா?"

"வெறுங்கால்ல இங்க நின்னு ஒருத்தன் படம் புடிக்கற வரைக்கும் கையத் தூக்கிக்கினு இருந்திருக்க முடியாது. தமிழ்நாட்டுல ஒரு ஆம்பள எப்போய்யா செருப்பத் தானா கழட்டுவான்?"

"வீட்டுக்குள்ள போறப்ப. இல்லன்னா சாமி முன்னால." சொன்னவன் வாயை மூடிக்கொண்டு வேல்விழியைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் சிலுவை டாலரும் தோளில் கேமராவுமாக இலை முன்னால் உட்கார்ந்திருந்த மரியஜோசப்பைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். பணிமனை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"டெப்போ படமா? எனக்குத் தெரியாதும்மா. வருசா வருசம் அவங்க பூஜை ஆர்டரு என்கிட்டதான் கீது. நீங்க எதையோ கெளப்பி வுட்டா அது போய்டும்."

வேல்விழி கெஞ்சவில்லை. ஜெராக்ஸை எடுத்து, பாயசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இது உங்க படமான்னு மட்டும் சொல்லுங்க சார். ஆனா நீங்க எடுத்த மாதிரி தெரியல. மூலையில பூ பாதியில நிக்குது. இவ்ளோ கேவலமா நீங்க வெட்டியிருக்க மாட்டீங்கன்னு இவன் சொன்னான்."

மரியஜோசப் பார்த்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"இன்னாது இது? பார்டரை வெட்டிக்கீறானுங்க. கத்திரிக்கோலால கோணலா வெட்டிக்கீறானுங்க." இலையை மூடிவிட்டு எழுந்தார். பாயசம் அப்படியே இருந்தது. "அவனுங்க கேட்டாங்கன்னு செவப்பு ரோஸு, மஞ்ச ரோஸு ரெண்டும் வச்சு குடுத்தேம்மா நானு. வாங்க, என் படம் எப்டி இருந்ததுன்னு காட்றேன்."

மாப்பிள்ளை வீட்டாரை உதவியாள் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் தன் வண்டியில் முன்னால் போன வேகத்துக்கு இசக்கிதுரையால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஸ்டுடியோவில் அலமாரி நிறைய சி.டி.க்கள். "டெப்போ பூஜை 2009" என்று மார்க்கரில் எழுதிய ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளினார்.

"2009-ஆ?" என்றான் இசக்கிதுரை. "ஸ்ட்ரைக்கு 2010 ஜூன்லல்லா நடந்துச்சு."

"ஸ்ட்ரைக்குக்கு எவன் என்னைக் கூப்ட்டான்? இது ஆயுத பூஜை."

திரையில் படம் வந்தது. கறுப்பெல்லாம் கலராகி நின்றது. முன்கண்ணாடியில் இருந்த விரிசல், மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. சக்கரத்துக்கு முன்னால் இருந்த தடுப்புக் கற்கள், நல்ல மஞ்சளில் இரண்டு எலுமிச்சம்பழம். டயர் எரிந்த புகை, சிவப்பு ரோஜா. வெறுங்காலோடு நின்ற அந்த ஆள் தலைக்கு மேல் தூக்கியிருந்தது, உச்சியில் கற்பூரம் எரிய ஒரு பூசணிக்காய்.

"கண்டக்டரு பூசணிக்கா ஒடச்சதுக்கா ரெண்டு வருசம் வேலை போச்சு?" என்றான் இசக்கிதுரை.

"அவரு ஒடைக்கலப்பா. தளவாய் அன்னைக்குக் காலைல மொத பஸ்ஸுலயே ரூட்டுக்குப் போய்ட்டாரு, குரூப் போட்டோவுல கூட இல்ல. பூசணிக்கா ஒடைக்கறதுக்கு அங்க ஒரே ஒரு ஆளுதான். வேற யார் கையும் படக் கூடாதும்பாரு. அதுல அவருக்கு அவ்ளோ கெத்து. இரு, அடுத்த படத்துல திரும்பிப் பாத்து போஸ் குடுப்பாரு."

அடுத்த படம் வந்தது. போன வாய்தாவுக்கு வேல்விழி அனுப்பி நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்திருந்த இசக்கிதுரைக்கு அந்த முகம் யாருடையது என்று பார்த்த உடனே தெரிந்தது. தெரிந்ததும், அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சொல்ல ஒன்றும் தோன்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ரெண்டு படத்தையும் பெரிசா போட்டுக் குடுங்க சார்" என்றாள் வேல்விழி. "பார்டரோட. நாளைக்கு சி.டி.ய எடுத்துக்கினு நீங்களும் கோர்ட்டுக்கு வரணும். டெப்போ ஆர்டரு போய்டும்னு யோசிக்கறீங்களா?"

மரியஜோசப் திரையில் இருந்த தன் ரோஜாக்களைப் பார்த்தார். "போனா போவுது. வெட்டினவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

மறுநாள் காலை நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் ஜெபமணி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"நேரா இதையே எடுத்துக் காட்டிரலாமே."

"வேணாம் சார்" என்றாள் வேல்விழி. "இப்பவே காட்டினா படம் மாறிப்போச்சு, ஆனா நான் கண்ணால பாத்தேன்னு நழுவிடுவாரு. மொதல்ல அவர் வாயாலயே இன்னொரு வாட்டி அழுத்திச் சொல்ல வைங்க. அப்பறமா பிரிங்க."

தளவாயிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவர் பின் வரிசையில் உட்கார்ந்து, பையிலிருந்த கடிதத்தை இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மூன்றாவது முறை பேனாவையும் எடுத்தார். இசக்கிதுரை அந்தப் பேனாவை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டான். "கொஞ்ச நேரம் பொறுங்க அண்ணாச்சி. அவசரத்துல போட்ட கையெழுத்துக்கெல்லாம் என்ன கதின்னு இப்பப் பாப்பீக."

பளிச்சென்று இஸ்திரி போட்ட சட்டையும் அதன் பையில் இரண்டு பேனாக்களுமாக நம்பிராஜன் கூண்டில் ஏறினார். உண்மையைச் சொல்வதாக உறுதி எடுத்தார். ஜெபமணி அந்தக் கறுப்பு ஜெராக்ஸை நீட்டினார்.

"இந்தப் படத்தில் இருப்பவர் யார்?"

"தளவாய்தாங்க."

"முகம் தெரியவில்லையே."

"முகம் எதுக்குங்க? பதினாறு வருசமா பாக்கற முதுகு. ஆயிரம் முதுகுக்கு நடுவுல வச்சாலும் சொல்லிடுவேன்."

"அவ்வளவு பழக்கமான முதுகா உங்களுக்கு?"

"ரொம்பப் பழக்கம் சார்."

"கையில்?"

"கல்லு. பெரிய கல்லு. என் கண்ணால பாத்தேன்."

ஜெபமணி ஒவ்வொன்றும் பதிவாகும்வரை காத்திருந்தார். பிறகு முதல் கலர் படத்தை நீதிபதியிடம் ஒன்றும், சாட்சியிடம் ஒன்றுமாகக் கொடுத்தார். அரசுத் தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார், தன் கைக்கு வந்த பிரதியைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்தார்.

"அதே படம்தானா என்று ஒத்துப் பாருங்கள். அவசரம் இல்லை."

நம்பிராஜன் ஒத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், விபூதிப் பட்டையைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார்.

"இது... பூஜை அன்னைக்கு எடுத்ததுங்க. ஆபீஸ்ல படம் வேணும்னு கேட்டாங்க. கிளார்க்கு எதையோ வச்சு நீட்டினாரு. மொத்தம் முப்பத்தோரு பேப்பரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

"போட்டிருப்பீர்கள். முதல் படத்துக்கு அடுத்த நொடியில் எடுத்த படம் இது. சட்டை அதேதான், பூசணிக்காயும் அதேதான். ஆள் மட்டும் திரும்பிச் சிரிக்கிறார். இவர் யார்?"

நம்பிராஜன் இரண்டாவது படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் அது ஒரே ஆளாகத்தான் இருந்தது.

"நான்" என்றார்.

"சத்தமாக."

"நாந்தாங்க அது."

நீதிபதி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "அப்படியானால், ஒரகடத்தில் பேருந்தின் மேல் கல்லெறிந்ததாக நீங்கள் சத்தியம் செய்து அடையாளம் காட்டியது உங்களைத்தானா?"

தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. பின் வரிசையில் மரியஜோசப், பார்டர் எப்படித் தெரிகிறது என்று எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் தளவாய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருசமா" என்றார் மெதுவாக, "நான் இவரையாய்யா காப்பாத்திக்கிட்டு இருந்தேன்?"

அரசுத் தரப்பில் வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, இல்லை என்று பதில் வந்தது. தீர்ப்புக்குத் தேதி குறித்துவிட்டு அவர் எழுந்தார். வராந்தாவில் ஜெபமணி தளவாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா அவங்க கையில இருந்தது ஒரே படம், ஒரே சாட்சி. ரெண்டும் இப்ப நம்ம பக்கம். உங்க பதினாறு வருசம் உங்களுக்குத்தான். அந்த முப்பது பேரும் சீக்கிரம் என் ஆபீசுக்கு வருவாங்கன்னு நினைக்கிறேன்."

தளவாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது அவர் முகத்தில், பஸ்ஸில் சீட்டு வாங்காமல் ஒளிந்தவனைக் கண்டுபிடித்த சந்தோஷம் வந்திருந்தது.

நம்பிராஜன் யாரையும் பார்க்காமல் படியிறங்கிக்கொண்டிருந்தார். தளவாய் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழித்துப் போடப் போகிறார் என்று இசக்கிதுரை நினைத்தான். அவர் கிழிக்கவில்லை. மடிப்பு நீவி, இரண்டே எட்டில் போய் நம்பிராஜன் முன்னால் நின்றார்.

"சார், இது உங்களுக்கு ஆகும். பஸ் மேல கல்லெறிஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்குற லெட்டரு. உலகம்மா நல்ல கையெழுத்துல எழுதியிருக்கா. பேரை மட்டும் மாத்திக்கிடுங்க, அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்கு."

நீட்டிய காகிதத்தை நம்பிராஜன் வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பழக்க தோஷம், அவருடைய வலது கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தேடிப் போயிற்று.